அல்போன்ஸும் சுருளின் கடைசி முழமும்

செய்தி வந்தபோது நான் பகேரியா நிலையத்தில் காலை ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் மெற்றில்டாவின் பெயரைக் கண்டதும், கணவர் அல்போன்ஸை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் எடுத்தேன். "அக்கா, அவர் விடிய அஞ்சு மணிக்குப் போயிட்டார்," என்றார். ரயில் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் மேடையிலேயே நின்றேன்.

அல்போன்ஸை அறிந்த உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நான் முதலில் அழவில்லை, பயந்தேன். நகரத்தில் லிபெர்த்தா வீதியில் ஓர் இத்தாலியப் பேராசிரியரின் வீட்டில் நாங்கள் இருவரும் பதினாலு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அந்த வீட்டில் இருந்த பழைய சீன ஓவியங்களுக்கு அவர்தான் பொறுப்பு, சாவியும் அவரிடம்தான். அவற்றில் ஒன்றை நான் பழுதாக்கியிருந்தேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் அந்த ஓவியங்கள் எல்லாம் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போக இருந்தன. அங்கே ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்கள். என் கை வைத்த கறையைக் கண்டால் பழி யார் தலையில் விழும்? வாய் திறந்து பதில் சொல்ல முடியாமல் போய்விட்ட மனிதர் தலையில். இன்று இதை நான் பயமில்லாமல் எழுதுகிறேன் என்றால் அதற்கும் காரணம் அவர்தான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முப்பத்தோராம் நாள் திருப்பலியில் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மெற்றில்டா கேட்டார். இரண்டு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். உங்களில் பலருக்கு அவர் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வாசலில் நின்று, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி புதுப்பிக்க வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த அல்போன்ஸ். தேவாலயப் பாடல் குழுவில் எல்லோரையும் முந்திக்கொண்டு பாடி, குருவானவரிடம் பேச்சு வாங்கிய அல்போன்ஸ். நான் எழுதப்போவது நீங்கள் அதிகம் காணாத ஓர் அல்போன்ஸைப் பற்றி.

நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் எனக்குப் பெரிய ஏமாற்றம். பேராசிரியர் ஒருவர் வீடு, இளவயதில் சீன மொழி படித்தவர், வீடு நிறைய ஓவியம் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே போனால் நான்கு வெறும் சுவர்கள். வாசிப்பறையில் மட்டும் ஒரு நீளப் படம் தொங்கியது. நனைந்த மூங்கில் இரண்டு, கீழே ஒரு கல், வேறு ஒன்றுமில்லை. "தம்பி, படங்கள் எங்கை?" என்று கேட்டேன். என்னைவிட நாலு வயது இளையவர் என்பதால் அன்று முதல் எனக்கு அவர் தம்பி. அலுமாரியைக் காட்டி, "எல்லாம் நித்திரை அக்கா," என்றார். "எங்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் லீவு. இதுகளுக்கு வருசத்திலை பத்து மாதம் லீவு." தொங்கவிடும் சுருளைச் சில வாரங்கள்தான் சுவரில் வைப்பார்களாம். பருவத்துக்கும் வருகிற விருந்தாளிக்கும் ஏற்றபடி மாற்றிவிட்டு, பழையதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்களாம். அதிக நாள் தொங்கினால் பட்டு களைத்துப்போகும், நிறம் வெளிறிப்போகும். எங்கள் வீட்டில் கலியாணப் படம் முப்பது வருடமாக ஒரே ஆணியில் தொங்குகிறது என்று சொன்னேன். "அதுதான் வெளிறிப்போச்சு," என்றார்.

அந்தச் சுருள்களின் சரித்திரத்தை அவர் கதைக்கும்போது பார்க்கவேண்டும். முன்னொரு காலத்தில் புத்த கோயில்களில் தொங்கவிட்ட கொடிச்சீலைகளில் இருந்துதான் தொங்கும் சுருள் வந்தது என்று பேராசிரியர் சொன்னதை, தன் ஊர்த் தேவாலயத்துத் திருவிழாக் கொடியோடு சேர்த்து எனக்கு விளங்கப்படுத்துவார். முதலில் பட்டில் வரைந்தார்கள், பிறகு தாளில். அரண்மனைக்கு வரைந்தவர்கள் நிறமும் பொன்னும் போட்டுப் பறவையின் ஒவ்வோர் இறகையும் எண்ணி எண்ணி வரைந்தார்கள். படித்தவர்களும், அரசு மாறியதும் உத்தியோகம் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர்களும் வெறும் கறுப்பு மையால் கல்லையும் மூங்கிலையும் வரைந்தார்கள். "எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவனுக்கு ஒரு மையே போதும் அக்கா," என்பார். அதை அவர் சிரிக்காமல் சொன்ன நாள் ஒன்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாங்கள் இருவரும் எங்கிருந்து வந்தோம் என்று உங்களுக்குத் தெரியும், நான் விரிக்கத் தேவையில்லை.

இனி என் குற்றம். அந்த வீட்டில் எனக்கு இரண்டாவது மாதம், சரஸ்வதி பூசை வந்தது. விடிய எழுந்து வீட்டில் பூசை செய்து, பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு சின்ன டப்பியில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். என்னை வாழவைக்கும் ஆயுதங்கள் அங்கேதானே இருக்கின்றன. தூசி உறிஞ்சும் மெஷினுக்கு ஒரு பொட்டு, ஸ்திரிக்கைப் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தேன். பிறகு வாசிப்பறைக்குப் போனேன். நீண்ட மேசையில் ஒரு கைச்சுருள் ஒரு முழம் மட்டும் விரித்திருந்தது, இரு பக்கமும் கல் பாரம். தொடக்கத்தில் வெறும் பட்டுப் பட்டை, அதன் ஓரத்தில் நாலைந்து சிவப்பு அடையாளங்கள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எனக்கு முன்னமே நாலைந்து பேர் பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சந்தனம் தொட்டு அதன் மேல் குங்குமம் வைத்து, நானும் ஒன்றை அந்த வரிசையில் வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

மத்தியானம் பாத்திரம் துடைக்கும்போது சும்மா கேட்டேன். "தம்பி, அந்தப் படத்திலை சிவப்பா இருக்கிறது என்ன?"

"முத்திரை அக்கா. படம் கைமாறக் கைமாற, வைச்சிருந்த ஒவ்வொருத்தரும் தங்கட முத்திரையைக் குத்துவினம். அரசர்மாரும் குத்தியிருக்கினம். யாரிட்டை இருந்து யாரிட்டை வந்தது எண்டு முழுச் சரித்திரமும் அதிலை இருக்கு. ஒரு துளி ஈரம் படக்கூடாது எண்டு புரொபெசோரே எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பார்."

நான் துடைத்த தட்டையே மூன்று தரம் துடைத்தேன். ஏதோ சாட்டுச் சொல்லி வாசிப்பறைக்கு ஓடினேன். மேசை வெறுமையாக இருந்தது. சுருள் பெட்டிக்குள் போய்விட்டது, பெட்டி அலுமாரிக்குள். அந்த நேரம் என் வேலை ஒப்பந்தக் கடிதம் குவெஸ்தூராவில் இருந்தது. வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், பெர்மெஸ்ஸோ போனால் பிள்ளைகளோடு எங்கே போவது? வாயை மூடிக்கொண்டேன். கடிதம் சரிவந்த பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். சரிவந்தது. நான் சொல்லவில்லை. ஒரு நாள் பிந்திய உண்மையைச் சொல்லலாம், ஒரு வருடம் பிந்தியதை எந்த வாயால் சொல்வது?

அடுத்த தபசு கால நோன்பு நாட்களில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அல்போன்ஸ் தபசு காலம் முழுக்க ஒரு நேரம் கஞ்சிதான் குடிப்பார். ஒரு நாள் அடுப்பில் வெள்ளையாக, கூழ்ப்பதமாக ஒரு சட்டி ஆறிக்கொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பே இல்லை. பாவம், உபவாசம் இருக்கிற மனிதர் என்று இரக்கப்பட்டு உப்புப் போட்டு, இரண்டு கரண்டி தேங்காய்ப்பாலும் விட்டுக் கலக்கி வைத்தேன். வந்து பார்த்தார். சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, சீனாக்காரன்ரை படத்துக்குப் பால்கஞ்சி காய்ச்சிப் போட்டியள்," என்றார். அது சுருளின் பின்தாள் கழன்ற இடத்தை ஒட்டுவதற்கு, கோதுமை மாவைக் கழுவி எடுத்து இரண்டு நாள் பாடுபட்டுக் காய்ச்சிய பசை. பேராசிரியர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார்.

அன்று மறுபடி பசை காய்ச்சிக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். "இந்தப் பசை ஏன் இவ்வளவு லேசா இருக்கவேணும் தெரியுமோ? நூறு வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் வந்து தண்ணி தடவினா நோகாமல் கழலவேணும். ஓரத்துப் பட்டு மாறும், பின்தாள் மாறும், படம் இருக்கும். ஓரத்திலை ஏதும் பட்டா அதுக்காக ஆரும் சாகத் தேவையில்லை அக்கா." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அன்று சொல்லியிருக்கலாம். அடுப்பைக் கவனிப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒரு தரம் சுருள்களுக்குக் காற்றுக் காட்டவேண்டும். சிறொக்கோ சூட்டுக்காற்று அடிக்காத, ஈரமில்லாத ஒரு நாளை அவர் தேர்ந்தெடுப்பார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். "கையுறை வேண்டாம், கழுவின கை காணும்," என்பார். கழுவிய பிறகும் ஈரம் போக நூறு வரை எண்ணவைப்பார். வட்ட விசிறிகளில் வரைந்து, பிறகு காம்பைக் கழற்றித் தாளில் ஒட்டி ஏடாகக் கட்டியவை ஒரு பெட்டி. மடிப்பு விசிறியில் இருந்து எடுத்தவை, மடிப்புத் தழும்போடு, இன்னொரு பெட்டி. அவற்றை எல்லாம் நான் ஆசையோடு பிடிப்பேன். நான் பொட்டு வைத்த கைச்சுருளின் முறை வந்தால் மட்டும் எனக்கு இடுப்பு நோகும், அல்லது ரயிலுக்கு நேரமாகும், அல்லது வெள்ளிக்கிழமை விரத மயக்கம் வரும். ஒரு வருடம் பட்டுத் தூசி எனக்கு ஒவ்வாது என்று கூடச் சொன்னேன்.

"எல்லாத்தையும் ஒரேயடியாப் பார்க்கேலாது, அதுதான் கைச்சுருள்," என்று அவர் கெஞ்சுவார். "ரயில் யன்னல் மாதிரி. வலப்பக்கத்திலை பார்த்ததைச் சுத்தவேணும், இடப்பக்கத்திலை புதுசை விரிக்கவேணும். ஒவ்வொரு முழமாப் போகவேணும். இதை ஒருக்கா கடைசி வரைக்கும் விரிச்சுப் பாருங்கோ அக்கா. கடைசியிலை வடிவான ஒண்டு இருக்கு." ஒவ்வொரு வருடமும் இதையே சொன்னார். ஒவ்வொரு வருடமும் நான், "வாற வருசம் பார்ப்பம் தம்பி," என்றேன்.

பேராசிரியர் காலமானபோது, ஓவியங்களைப் பதிவு செய்ய வடக்கே இருந்து ஒருவர் வந்தார். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்ட மனிதர். அல்போன்ஸும் அவரும் வாசிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சுருளை விரித்தார்கள். குசினியில் சியாகுல்லி மந்தரின் பழம் ஒரு கூடை இருந்தது. நான் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன். ஒருவரும் கேட்காமல், ஒருவருக்கும் கொடுக்காமல் கூடை முழுவதையும் உரித்து முடித்தேன். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்த மனிதர் காப்பி குடித்தார், போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காப்பிக்காக என்று நினைத்தேன். அல்போன்ஸ் உரித்த பழங்களைப் பார்த்துவிட்டு, "இஞ்சை என்ன, கலியாண வீடோ?" என்று மட்டும் கேட்டார்.

பதிவு செய்ய வந்தவர் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் நான் நம்பினேன். கறை சிறியது, முத்திரைகளுக்கு இடையில் மறைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அருங்காட்சியகம் அப்படி விடாது. ரசாயனம் போட்டுப் பார்ப்பார்களாம், ஒளி பாய்ச்சிப் பார்ப்பார்களாம். அல்போன்ஸ் இருந்தவரை, பிரச்சினை வந்தால் நான் முன்னால் போய் நின்று சொல்லலாம் என்று ஒரு துணிவு இருந்தது. அவரை அடக்கம் செய்த அன்று, பெட்டிக்கு மேல் பூவைப் போட்டுவிட்டு, தம்பி, உம்முடைய பெயரில் கறை விட மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது வீடு பேராசிரியரின் தங்கை மகள் லூச்சியாவுடையது. கதிரையில் உட்காராமல் நின்றபடியே எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். சரஸ்வதி பூசை, டப்பி, பொட்டு, பதினாலு வருடம் எல்லாம் சொன்னேன். செய்தது நான், அல்போன்ஸ் இல்லை, இதை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றேன். லூச்சியா வாயைப் பொத்திக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பும் கண்ணீருமாக நிற்கிறார்.

"சிஞ்ஞோரா யோகம், அந்தச் சுருளை நீங்கள் கடைசி வரைக்கும் பார்த்ததே இல்லையா?"

இல்லை என்றேன். அவர் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். சிறொக்கோ இல்லாத நாள். கை கழுவினேன், துடைத்தேன், நூறு வரை எண்ணினேன்.

முதல் முழத்திலேயே என் பொட்டு இருந்தது. சந்தனம் உதிர்ந்து, குங்குமம் மங்கி, முத்திரைகளின் வரிசையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. சுற்றினேன், விரித்தேன். ஓர் ஆறு வந்தது. கரையில் குடிசை, பாலத்தில் கழுதையோடு ஒரு கிழவர். மலை எழுந்தது, மூடுபனியில் பாதி காணாமல் போனது, அடுத்த முழத்தில் மறுபடி வந்தது. தூரத்தில் ஒரு வள்ளம், அதில் மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அளவு சின்னது. பெரிய ஓவியர் வரைந்தது அல்ல, பழைய படம் ஒன்றைப் பார்த்துப் பின்னால் வந்த ஒருவர் மரியாதையாக வரைந்தது என்று அல்போன்ஸ் சொல்லியிருக்கிறார். படம் முடிந்தது. முடிந்துவிட்டது என்று கையை எடுக்கப் பார்த்தேன். "இன்னும் விரியுங்கள்," என்றார் லூச்சியா.

படத்துக்குப் பிறகு வெறும் தாள் ஒட்டியிருந்தது. கைச்சுருளில் அப்படித்தானாம். பார்த்தவர்கள் தாங்கள் பார்த்ததை எழுதுவதற்கென்றே அதை விட்டு வைப்பார்களாம். ஒருவர் சீன எழுத்தில் நாலு வரி. இன்னொருவர், வேறு மையில், எட்டு வரி. ஒருவர் எழுதி அவர் போய், அடுத்தவர் வந்து எழுதி, இப்படியே கடைசி முழம் வந்தது. அங்கே பேராசிரியரின் இத்தாலிய எழுத்து. எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்த வீட்டுக்கு வந்து இரண்டாவது மாதம், கல்வித் தெய்வத்தின் திருநாளன்று, சிஞ்ஞோரா யோகம் இந்தச் சுருளை வணங்கித் தன் நாட்டு வழக்கப்படி சிவப்பு அடையாளம் இட்டார், அரசர்களின் முத்திரைகளுக்கு அருகில் அது பொருத்தமாக இருக்கிறது, இதை ஒருவரும் அகற்றக் கூடாது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக, தமிழில்: "அக்கா வைத்த பொட்டு வடிவாக இருக்கிறது. நானும் பார்த்தேன். அல்போன்ஸ், மன்னார்."

அன்றைக்கே கண்டிருக்கிறார்கள். அன்று பின்னேரமே எழுதியிருக்கிறார்கள். சுருளில் எழுதியதை வாயால் சொல்லக் கூடாது, விரிக்கிறவர் தானாக வந்து சேரட்டும் என்று பேராசிரியர் அல்போன்ஸிடம் வாக்கு வாங்கியிருந்ததாக லூச்சியா சொன்னார். லூச்சியாவுக்குத் தெரியும், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டவருக்கும் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். எனக்குக் கோபம் வந்தது. பாவி மனிசா, பதினாலு வருடம் என்னை இப்படி வேகவிட்டீரே என்று அந்த மேசையில் கையூன்றித் திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். மெற்றில்டா தொலைபேசியில் சொன்ன நாளில் இருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. நான் இவ்வளவு பயந்துகொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஏதோ கூச்சம் என்று நினைத்திருப்பார். தெரிந்திருந்தால் வாக்கும் மண்ணாங்கட்டியும் என்று சொல்லியிருப்பார். அவருடைய குணம் எனக்குத் தெரியும். அழுது முடிய நெஞ்சில் இருந்த ஒரு கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. அன்று ரயிலில் உட்கார்ந்தபடியே பகேரியா வரைக்கும் நித்திரை கொண்டேன், அப்படி நித்திரை கொண்டு எத்தனையோ காலம்.

அவரிடம் இருந்து எனக்கு மிஞ்சியது எது என்று மெற்றில்டா கேட்டார். பொருளாக ஒன்றுமில்லை. நல்லதொன்றைத் தொடுவதற்கு முன் கை கழுவி, ஈரம் போக நூறு வரை எண்ணுவது மிஞ்சியிருக்கிறது. இப்போது பேரப்பிள்ளையைத் தூக்கும்போதும் எண்ணுகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அல்போன்ஸின் வரிக்குக் கீழே அரை முழம் தாள் வெறுமையாக இருந்தது. பெட்டி அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் லூச்சியா என்னைக் கூப்பிட்டு, பேராசிரியரின் மையையும் பேனாவையும் மேசையில் வைத்து, "இது உங்களுக்கு விட்ட இடம்," என்றார். எண்ணி முடித்து, பேனாவை எடுத்து எழுதினேன்:

"கடைசி வரைக்கும் பார்த்தேன், தம்பி. யோகம், பருத்தித்துறை."